முதுகில் மரம் முளைப்பதில்லை

டோனி மாரிஸனின் 'பிலவ்ட்' (1987) நாவலைப் பற்றி எழுத வருகிற நம்மவர்கள் முதல் காரியமாக ஸெதேயின் முதுகைத் திருப்பிப் பார்க்கிறார்கள். சவுக்கடித் தழும்புகள் ஒரு மரம். மரம் என்றால் வம்சம், வேர், ஆப்பிரிக்கா. 124 என்ற வீட்டு எண்ணில் விடுபட்ட 3, செத்துப்போன மூன்றாவது குழந்தை. புகையிலை டப்பா, பால் டியின் இருதயம். பட்டியல் தயார், விமர்சனம் முடிந்தது!

அதை மரம் என்று முதலில் சொன்னது யார் என்று இவர்கள் கேட்பதில்லை. ஏமி டென்வர் என்ற வெள்ளைக்காரப் பெண். அவளும் ஓடிவந்தவள்தான், ஸெதேயின் வீங்கிய காலை உருவிவிட்டவள், பிரசவத்துக்குக் கைகொடுத்தவள். சொன்னதில் கருணை இருக்கிறது. ஆனால் முதுகுக்குச் சொந்தக்காரி அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை. பதினெட்டு வருஷம் கழித்து அவளோடு படுத்தெழுந்த பால் டியோ, ஸ்வீட் ஹோம் பண்ணையில் நிஜ மரத்தடியில் உட்கார்ந்து பழகியவன், இது மரமே அல்ல, அருவருப்பான தழும்புக் குவியல் என்று நினைத்துக்கொள்கிறான். குறியீட்டைக் கொடுத்த நாவலே அதைப் பிடுங்கியும் கொள்கிறது. குறியீடே கிடையாது என்பதல்ல என் வாதம். யார் வாயிலிருந்து வருகிறது, யார் உடம்பின் மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி.

பட்டியல் போடுகிறவன் நாவலுக்குள்ளேயே ஒருவன் இருக்கிறான். பண்ணையை நிர்வகிக்க வந்த பள்ளி ஆசிரியன். ஸெதேயின் மனித குணங்களை இடது பக்கமும் மிருக குணங்களை வலது பக்கமும் எழுதும்படி மாணவர்களைப் பழக்குகிறான். (பத்தி பிரித்து எழுதியே பிழைக்கிற பாங்க் குமாஸ்தா நான், இந்தப் பக்கத்தைச் சுலபமாகத் தாண்ட முடியவில்லை.) எழுதுகிற மை, ஸெதே தயாரித்தது.

இந்தப் பத்திகள் வெறும் கற்பனையல்ல. நாவலுக்கு வித்திட்ட மார்கரெட் கார்னர், 1856 ஜனவரியில் கெண்டக்கியிலிருந்து உறைந்த ஒஹையோ நதியைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பி வந்தவள். பிடிபடும் தறுவாயில் பெற்ற மகளைக் கொன்றாள். அவள்மேல் கொலை வழக்குப் போட வேண்டும் என்று மன்றாடியவர்கள் அடிமை ஒழிப்பாளர்கள்! கொலைகாரி என்று ஒப்புக்கொண்டால் மனுஷி என்றும் ஒப்புக்கொண்டாக வேண்டும். தப்பியோடிய அடிமைகள் பற்றிய 1850ஆம் வருஷச் சட்டம் ஜெயித்தது. உடைமையாகவே திருப்பி அனுப்பப்பட்டாள்.

பால் டி ஸெதேயின் வாசலுக்கு வருவது 1873இல். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து எட்டு வருஷம். ஸெதே இன்னும் தன் முதுகுக்கு ஏமி வைத்த பெயரைத்தான் சொல்கிறாள். அவளை 'ஆப்பிரிக்கத் தாய்மையின் குறியீடு' என்று முழங்குகிற நம் விமர்சகர் அவளை எந்தப் பத்தியில் எழுதுகிறார், இடதிலா வலதிலா?