முகவரின் கையும் ஏழையின் கட்டுப்பணமும்

மயிற்பாறை என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய மொனராகலை நகரிலிருந்து சில கல் தொலைவில் ஓர் இரப்பர்த் தோட்டம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அத்தோட்டத்து லயமொன்றின் வாசலில் நாம் அமர்ந்திருந்தோம். வீட்டுக்காரத் தாயார் உள்ளே சென்று தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு கடித உறையையும் சிறு கொப்பி ஒன்றையும் எடுத்து வந்து நம் கையில் கொடுத்தார். அவருடைய கணவர் மறைந்து அப்போது மூன்று மாதமே ஆகியிருந்தது.

உறையினுள் ஆயுள் காப்புறுதிப் பத்திரம் இருந்தது. கொப்பியிலோ மாதந்தோறும் கொடுத்த கட்டுப்பணம் வரிசையாக எழுதப்பட்டு, ஒவ்வொரு வரியின் எதிரிலும் முகவரின் சுருக்கொப்பம் இடப்பட்டிருந்தது. நிறுவனம் அனுப்பிய கடிதமும் உடன் இருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே பணம் வராமையால் பத்திரம் காலாவதியாகிவிட்டது என்றும், குறிப்பிட்ட முகவர் சேவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார் என்றும் அக்கடிதம் கூறியது.

"சம்பளத்தன்னைக்கே எடுத்து வச்சுக் குடுத்தோமே ஐயா. அந்தத் தம்பி இந்த வாசல்லதான் உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகும். அதுகிட்டச் சீட்டுக் கேட்க வாய் வரல்லையே," என்றார் அத்தாயார். அருகில் நின்ற அவர் மகள் உயர்தர வகுப்பில் படிப்பவள். ஆங்கிலத்தில் இருந்த அக்கடிதத்தை அவளே நமக்குத் தமிழில் சொன்னாள்.

முகவர் நீக்கப்பட்டார் என்ற செய்தி நீதியைப் போல ஒலிக்கிறது. ஆனால் அந்நீக்கத்தால் அத்தாயாருக்கு என்ன கிடைத்தது? இவ்வினாவை அன்றே மனத்தில் முடிந்து கொண்டு வந்தோம். இவ்வாரம் அதனை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

காப்புறுதி என்பது கடையிற் கிடைக்கும் பண்டம் போன்றதன்று. அரிசியை வாங்கினால் அன்றிரவே அதன் தரம் தெரிந்துவிடும். காப்புறுதியில் நாம் வாங்குவது ஒரு வாக்குறுதி. அதன் தரம் தெரியவரும் நாளில், வாங்கியவர் பெரும்பாலும் உயிருடன் இருப்பதில்லை. ஆகவேதான் இத்தொழிலின் மீது அரசின் கண் இருக்க வேண்டும் என்பதை உலக நாடுகள் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தன. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1851ஆம் ஆண்டிலேயே காப்புறுதியை மேற்பார்வை செய்ய அதிகாரிகளை நியமித்தது. அந்நாட்டில் இன்றளவும் இப்பொறுப்பு பெரும்பாலும் மாநிலங்களின் கையிலேயே உள்ளது. 1945ஆம் ஆண்டின் சட்டமொன்று அதனை உறுதி செய்தது. முகவர் ஒவ்வொருவரும் மாநிலத்திடம் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். தவறிழைத்தால் மாநில அதிகாரியே அறிவித்தல் அனுப்பி, விசாரித்து, அபராதம் விதிக்கலாம், பத்திரத்தை இடைநிறுத்தலாம், அடியோடு பறிக்கவும் செய்யலாம். தண்டிக்கப்பட்டவரின் பெயர் பொதுமக்கள் காணுமாறு வெளியிடப்படுவதும் உண்டு.

இம்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். புளோரிடா மாநிலத்து டம்பா நகரில் மெட்ரோபொலிட்டன் லைஃப் என்னும் பெரு நிறுவனத்தின் கிளையொன்று விற்பனையில் முதன்மை பெற்று விளங்கியது. அதன் முகவர்கள் மருத்துவத் தாதியருக்கு ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டம் என்று சொல்லி ஆயுள் காப்புறுதியை விற்று வந்தனர். 1993ஆம் ஆண்டில் அம்மாநில அதிகாரிகள் இதனை வெளிக்கொணர்ந்தனர். மறு ஆண்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு நிறுவனம் ஏறத்தாழ 2 கோடி டொலர் அபராதம் செலுத்தவும், ஏமாந்தோருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இசைந்தது. இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிழை முகவரோடு நின்றுவிடவில்லை. அவரை அனுப்பிய நிறுவனமும் வாசலுக்கு அழைக்கப்பட்டது. ஏமாந்தவரின் பணமும் பேசப்பட்டது.

நம் நாட்டின் கதை வேறு. 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தோன்றியது. 1962இல் ஆயுள் காப்புறுதியும், 1964இல் பொதுக் காப்புறுதியும் அதன் தனியுரிமை ஆயின. பின்னர் 1980களின் இறுதியில் தனியார் நிறுவனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. பல நிறுவனங்கள் வந்தபின் காவலும் தேவைப்பட்டது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைக் காப்புறுதிச் சபை 2001இல் அமைந்தது. அதுவே 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்னும் பெயரைப் பெற்றது.

இங்கு அன்பர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நிறுவனங்களையும் தரகர்களையும் பதிவு செய்வது ஆணைக்குழு. தோட்டத்துக்கு வரும் தனி முகவரைப் பதிவு செய்வதோ அவரை அமர்த்திய நிறுவனம் அல்லது தரகர். எனவே முகவரின் மீது முதலில் ஓங்கும் கை அரசின் கை அன்று, அவருடைய முதலாளியின் கை. அண்டை நாடாகிய இந்தியாவும் இவ்வழிக்கே வந்திருக்கிறது. 1938ஆம் ஆண்டின் சட்டப்படி அரசு சார்ந்த அதிகாரம் வழங்கிய அனுமதிப்பத்திரம், 2015ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் நிறுவனம் வழங்கும் நியமனமாயிற்று. ஆயினும் அங்கே தவறிழைத்து விலக்கப்பட்டோரின் பெயர்கள் ஒரு பொதுப் பட்டியலில் ஏறுகின்றன. புதிதாக ஒருவரை நியமிக்கும் நிறுவனம் அப்பட்டியலைப் பார்த்தாக வேண்டும். ஒரு வீட்டில் திருடியவன் அடுத்த வீட்டில் காவற்காரனாகச் சேராதிருக்க இது ஏற்ற வழியன்றோ?

முதலாளியே நீதிபதியாக இருப்பதில் இரு பக்கமும் இடர் உண்டு. விற்பனையைக் கூட்டு, கூட்டு என்று முகவரை விரட்டிய நிறுவனம், பிழை வெளிப்பட்டதும் அவரொருவரையே பலியாக்கி, தன் கையைக் கழுவிக் கொள்ளக் கூடும். முகவரும் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையே. மாதச் சம்பளம் இல்லாமல், தரகுப் பணத்தை நம்பிப் பசறைக்கும் பிபிலைக்கும் வெல்லவாயவுக்கும் பேருந்தில் அலைபவர். குற்றச்சாட்டு இன்னதென்று எழுத்தில் அறியவும், தம் மறுமொழியைச் சொல்லவும், மேன்முறையீடு செய்யவும் அவருக்கும் உரிமை வேண்டும். விசாரணையின்றி ஒருவரின் சோற்றைப் பறிப்பது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. அதுபோலவே, உண்மையாகவே பணத்தைக் கையாடியவரைச் சத்தமின்றி விலக்கி அனுப்புவதும் ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. தண்டனை முறையானதா என்பதற்கு நாம் கொள்ளும் உரைகல் இதுவே: குற்றவாளி தண்டிக்கப்பட்டாரா, குற்றமற்றவர் காக்கப்பட்டாரா, இழந்தவர் தம் பொருளைப் பெற்றாரா? மூன்றும் நிறைவேறினாலன்றி நீதி முற்றுப்பெறாது.

மலையக மக்களுக்குத் தாளோடு உள்ள உறவு கசப்பான உறவு. தொழிலாளரின் கடன் தீர்க்கப்பட்டால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அத்துண்டைப் பிடித்தவர் கையில் ஆட்களே கைமாறினார்கள். 1921ஆம் ஆண்டில் சட்டம் அதனை ஒழித்தது. அன்று நம் பாட்டனார் தம்மைப் பற்றி எழுதப்பட்ட தாளைப் படிக்க இயலாதவராக இருந்தார். இன்று அவர் பேத்தி ஆங்கிலக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்கிறாள். இம்மாற்றத்தை நாம் பயன்படுத்திக் கொள்ள வேண்டும்.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலையே வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்திரம் யார் பெயரில் உள்ளது, பின்னுரித்தாளராக எவர் குறிக்கப்பட்டுள்ளார், கட்டுப்பணம் எந்நாள் வரை செலுத்தப்பட்டுள்ளது என்பவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள். முகவரிடம் பணம் கொடுத்தால் நிறுவனத்தின் அச்சிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கொப்பியில் இடும் சுருக்கொப்பம் போதாது. இயன்றால் வங்கியிலோ நிறுவனத்தின் கிளையிலோ நேரே செலுத்துங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கிளைக்குச் சென்றோ தொலைபேசியிலோ பத்திரம் உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். விண்ணப்பத்தில் தந்தையாரின் நோயை எழுத வேண்டாம் என்று முகவர் சொன்னால் இணங்காதீர்கள். அப்பொய் பின்னாளில் உரிமைக் கோரிக்கையை விழுங்கிவிடும்.

குறை நேர்ந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பிரதியை வைத்துக் கொள்ளுங்கள். மறுமொழி திருப்தி தராவிடின் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் கட்டணமின்றி முறையிடலாம். இதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. தெளிவாக எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை போதும்.

அத்தாயாரின் கதை என்னாயிற்று என்று அன்பர்கள் கேட்பீர்கள். மகள் கடிதம் எழுதினாள். கொப்பியின் பக்கங்களைப் படியெடுத்து இணைத்தாள். நான்கு முறை எழுதிய பின், கொப்பியிற் கண்ட தொகை முழுவதும் திரும்பி வந்தது. கணவரின் உயிருக்கு வாக்களிக்கப்பட்ட தொகை வரவில்லை. அது பாதி நீதியே என்பதை நாம் மறைக்கவில்லை.

விடைபெறும்போது அத்தாயார் நமக்குத் தேநீர் கொடுத்தார். மகள் தன் தம்பியை அழைத்து, கடைக்கு அனுப்பக் காசு கொடுத்துக் கொண்டிருந்தாள். "சீட்டு வாங்கிட்டு வா" என்று அவள் சொன்னது நம் காதில் விழுந்தது.