வரைபடம் இருக்கிறது, ஓடாவி எங்கே?

பாரிசின் லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெற்றோ ஏறி, எத்துவாலில் ஆறாம் இலக்கத்துக்கு மாறினால் ட்ரொக்கடேரோ. அங்குள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் நீண்டகாலத் திருத்த வேலைக்குப் பின் 2023 நவம்பரில் மீண்டும் திறந்தது. மரக்கலத் தொழிலில் உள்ள தமிழர் அங்கே தேட வேண்டிய பெயர் ஃபிரான்சுவா எத்மோன் பாரி.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான இவர் 1826க்கும் 1840க்கும் இடையில் மூன்று நெடும்பயணங்களில் உலகைச் சுற்றினார். போன துறைகளில் ஊர்ப் படகுகளை அளந்து வரைந்தார். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் கப்பல் கட்டுமானம் பற்றிய அவருடைய பெருநூல் 1840களின் தொடக்கத்தில் வெளிவந்தது. சோழமண்டலக் கரையின் சலங்கும் கட்டுமரமும் அதில் உண்டு. 1871இல், அப்போது லூவரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று, 1893இல் இறக்கும்வரை அதை நடத்தினார். நம் முன்னோர் படகுகளின் அளவுகளைத் தேடி நாம் அந்நியரின் ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறதே என்று சிலர் வருந்துவார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அளந்தவர் ஒழுங்காக அளந்திருக்கிறார். நம் வேலைக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி.

சலங்கையே எடுத்துக்கொள்வோம். அந்நாளில் துறைமுகம் இல்லாதிருந்த சென்னையிலும் புதுச்சேரியிலும் அலையுடைவைத் தாண்டிச் சரக்கும் ஆளும் ஏற்றி இறக்கிய படகு அது. வங்கு என்ற விலாச்சட்டம் கிடையாது, ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்து, பொருத்துவாயில் நார் வைத்து இறுக்கியிருப்பார்கள். மணலில் மோதும்போது உடல் நெளிந்து கொடுக்கும், அதனால்தான் உடையாது. கயிறு நைந்ததும் பிரித்து மறுபடி தைப்பார்கள். இப்படி ஒரு படகைப் 'புதுப்பிப்பது' என்றால் என்ன? ஐரோப்பியப் பட்டறைகளில் பழைய மரம் எத்தனை பங்கு எஞ்சியது என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். சலங்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பிரித்துத் தைப்பது அந்தப் படகின் இயல்பான வாழ்க்கை. அங்கே அசல் என்று ஒன்று இருந்தால், அது தையல்காரரின் இழுவிசை. எந்த இடத்தில் இறுக்கினார், எங்கே விட்டுக்கொடுத்தார், நாரை எவ்வளவு தடிப்பாக வைத்தார் என்பதைக் குறுக்குவெட்டு வரைபடம் சொல்லாது.

பாக்கு நீரிணையின் வத்தை இதற்கு நேர் எதிர். முதலில் வங்குகளை நிறுத்தி, பிறகு பலகை அறைவார்கள். தொல்லியலாளர் ஷான் மக்கிரெயிலும் கூட்டாளிகளும் 1990களில் தமிழ்நாட்டுக் கரையில் இந்த வேலையைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். ஓடாவியிடம் தாள் வரைபடம் இல்லை. கோடு கீறிய ஒரு பலகை இருந்தது. அதிலிருந்தே வங்குகளின் வளைவு பிறந்தது. அந்தப் பலகையை வாசிக்கத் தெரிந்தவர் போய்விட்டால் அது வெறும் விறகு.

இதற்கு மறுதலையாக ஒரு நிகழ்வு அண்மையில் நடந்தது. இந்தியக் கடற்படையின் கௌண்டின்யா என்ற தைத்த கப்பல் 2025 மே மாதம் கார்வாரில் சேவையில் சேர்ந்தது. அதற்கு ஆதாரம் அஜந்தாவின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றுதான். அளவு எதுவும் இல்லை. உடலின் மாதிரியை சென்னை ஐ.ஐ.டி. சோதித்தது. ஆனால் கப்பலைக் கப்பலாக்கியது கேரளத்துப் பாபு சங்கரனும் அவருடைய தச்சர்களும்தான். அளவில்லாத ஓவியத்தில் இருந்து கப்பல் வந்தது, தைக்கத் தெரிந்த கைகள் மிச்சம் இருந்ததால். இங்கே நோத்ருதாம் பேராலயத்தில் அளவும் கையும் கூடிவந்தன. கூரைச் சட்டகத்தை இரண்டு கட்டடக் கலைஞர்கள் 2014இல் அளந்து வைத்திருந்தார்கள்; 2019 தீக்குப் பிறகு, கோடரியால் பச்சை ஓக் மரத்தைச் செதுக்கத் தெரிந்த தச்சர்களும் கிடைத்தார்கள்.

நம் நிலை அப்படி இல்லை. கண்ணாடியிழைப் படகு 2004 சுனாமிக்குப் பின் வெள்ளமாக வந்தது. இலங்கையின் வடக்கில் போரும் கடல் தடையும் அதற்கு முன்பே கரைப் பட்டறைகளை முடக்கிவிட்டன. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையில் போய் நின்றதை எல்லா விழா மேடையிலும் சொல்கிறோம். அதன் ஏராக்கட்டையை எப்படி இணைத்தார்கள் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. பெருமை பேசுவது சுலபம், கலப்பத்து அடிப்பது கடினம்.

அந்தக் கரைகளில் இளமையில் வாய்ச்சி பிடித்தவர்கள் இப்போது பாரிசில் முதியவர்கள். பலர் உணவகச் சமையலறைகளில் காலம் கழித்துவிட்டார்கள். அவர்களிடம் ஒலிவாங்கியை நீட்டிப் பேட்டி எடுக்க வேண்டாம்; பேட்டியில் ஊர்க்கதை வரும், வேலை வராது. ஒரு பலகையும் வாய்ச்சியும் கொடுங்கள். கமராவை முகத்தில் வைக்காமல் கையில் வையுங்கள். எந்தப் பலகை முதலில், எது கடைசி, எதைச் சாணால் அளந்தார், எதைக் கண்ணால் என்று வரிசையாக எழுதுங்கள். பாரியின் அச்சுப்படத்தை அந்த முதியவர் முன் விரித்து, இதில் எது பிழை என்று கேளுங்கள். அடுத்த இதழிலிருந்து இத்தகைய குறிப்புகளுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம். ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது கோடு கீறிய பழைய பலகை கிடந்தால், அதன் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். கீறியவரின் பெயரும் துறையும் தெரிந்தால் படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள்.