மேல்துணி முடிந்ததா? இனிமேல்தான் வேலையே!



"டாப் முடிஞ்சிருச்சு. இனி என்ன, குறுக்கும் நெடுக்குமா நாலு தையல் அடிச்சா க்வில்ட் ரெடி!" கார்மெண்ட் லேபில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் பிடித்து நிறுத்தும் அந்தத் தையலுக்கும் டிசைன் வேண்டும். அதுவும் பார்ஜெல்லோ க்வில்ட் என்றால் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

பார்ஜெல்லோ என்பது இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1255-ல் கட்டத் தொடங்கிய ஒரு மாளிகை. 1865 முதல் அருங்காட்சியகம். அங்குள்ள 17-ஆம் நூற்றாண்டு நாற்காலிகளில் தீச்சுடர் போல ஏறி இறங்கும் எம்பிராய்டரி உண்டு. அந்த வேலைப்பாட்டுக்கு மாளிகையின் பெயரே ஒட்டிக்கொண்டது. அதே ஏற்ற இறக்கத்தைத் துணிப்பட்டைகளில் கொண்டுவருவதுதான் பார்ஜெல்லோ க்வில்ட். வெளிர் நிறம் முதல் அடர் நிறம் வரை பட்டைகளை வரிசையாக இணைத்து, குழாய் போல மூட்டி, குறுக்கே வெவ்வேறு அகலத்தில் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வளையத்தையும் ஒரு படி மேலோ கீழோ தள்ளிப் பிரித்து மறுபடி தைத்தால் அலை பிறக்கும். அகலத் துண்டு என்றால் அலை மெதுவாக ஏறும். குறுகிய துண்டு என்றால் செங்குத்தாக ஏறும்.

ஆக, ஓட்டம் மேல்துணியிலேயே இருக்கிறது. அதன்மேல் பூவும் கொடியும் தைப்பது, நல்ல பாட்டு ஓடும்போது பக்கத்தில் இன்னொரு ரேடியோவைத் திருகுவது மாதிரி. இரண்டுமே கேட்காது! பூவேலையில் ஆசையா? சுற்றியுள்ள வெற்று பார்டரில் காட்டுங்கள் உங்கள் கைவண்ணத்தை.

அலைக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, அலையோடு போகும் வளைகோடு. படிகளின் மூலைகளைத் தொட்டபடி வழவழப்பாகப் போகும் கோடு, படிகளையும் வளைவாகவே காட்டும். என் ஓட்டு இதற்கே. மற்றொன்று, செங்குத்து இணைப்பின் பள்ளத்திலேயே நேர்த்தையல். நூல் மறைந்து நிறம் மட்டும் நிற்கும். ஆனால் தையல் விளிம்புகளை ஒரே பக்கமாக மடித்து அயர்ன் செய்திருக்க வேண்டும். இருபுறமும் விரித்திருந்தால் ஊசி இணைப்பு நூலையே பதம் பார்த்துவிடும்.

சரி, கோடுகளுக்கு இடையே எவ்வளவு விடுவது? மெக்கானிக்கல் தோழர்களும் கவனிக்கலாம், கணக்கு உங்களுடையதும்தான். தைத்து முடித்த பட்டை 2 அங்குலம். மூன்று நிறத்துக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொள்வோம். அலையின் உச்சியில் இடைவெளி 6 அங்குலம். அலை 60° சாயும் இடத்திலோ, கோட்டுக்குக் கோடு 6 × காஸ் 60° = 3 அங்குலம்தான். ஏற்றம் கூடக்கூடக் கோடுகள் தாமாகவே நெருங்குகின்றன. குறுகிய துண்டுகளின் தையல் விளிம்புகள் அடியில் குவிந்து கனத்திருப்பதும் அதே இடத்தில்தான். அங்கே போய் இன்னும் நாலு வரி ஓட்டினால் போர்வை அட்டையாக விறைத்துப் போகும். பஞ்சு விரிப்பின் பாக்கெட்டில் அதிகபட்ச இடைவெளி போட்டிருக்கும். சிலவற்றுக்கு 3, 4 அங்குலம். சிலவற்றுக்கு 8, 10 கூட உண்டு. உச்சியில் உள்ள இடைவெளி அந்த எல்லைக்குள் இருந்தால் போதும்.

முடிவு செய்யுமுன், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை மேல்துணிமீது விரித்து மார்க்கரால் கோடு போட்டுப் பாருங்கள். மை துணியில் படாதிருக்க ஷீட்டின் ஓரங்களில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிடிக்கலையா, அழிச்சுட்டு வேற போடுங்க! தைத்ததைப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பேரவை வழியாக ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் வைவாவில் பட்டை எத்தனை, நிறம் எத்தனை என்பதோடு, "இந்தக் கோட்டை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்றும் கேட்கட்டும். அதற்கும் மதிப்பெண் இருக்கட்டும். சொன்னதைத் தைக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்தானே டிப்ளமோ படித்தவர்!