யார் எழுதிய முடிவு?

"மக்கள் சுவை மாறிவிட்டது, நாங்கள் என் செய்வோம்?" என்பர் படத்துறையினர். "நாட்டின் ஒழுங்கைக் காக்கிறோம்" என்பர் தணிக்கையாளர். இவ்விரண்டுக்கும் இடையே நசுங்குவது கலையன்றோ!

2016-இல் வெளிவந்த 'கபாலி' மலேசியத் தோட்டத் தமிழரின் வழிவந்த ஒருவனின் கதை. இறுதியில் திரை இருள்கிறது; துப்பாக்கி வெடிக்கும் ஒலி மட்டும் கேட்கிறது. தீர்ப்பு பார்ப்பவர்க்கே விடப்பட்டது. மலேசியத் திரைகளிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்றொரு வாசகம் சேர்க்கப்பட்டது. குற்றவாளி தப்பிவிடுவதாகக் காட்டலாகாது என்று ஹாலிவுட்டும் ஒருகாலத்தில் விதி வகுத்திருந்தது. 1968-இல் அதைக் கைவிட்டது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர் மட்டும் நன்று தீது அறியாத பிள்ளைகளோ?

பழி ஆள்வோர்க்கு மட்டும் உரியதன்று. நட்சத்திரம் தோன்றுகையில் ஆர்ப்பரிப்போர், அவன் கதையின் முடிவைப் பிறர் எழுதும்போது வாளாவிருந்தால், அம்மௌனமே இசைவாகிவிடும்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015), தோட்டத்தை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் குண்டர் கும்பலை நாடும் வழியைப் பெருநட்சத்திரம் எவருமின்றிக் காட்டியது. 2016 மலேசியத் திரைப்பட விழா, தேசிய மொழியல்லாத படங்களை முதலில் தனிப்பிரிவில் ஒதுக்கியது. கலைஞர்கள் எதிர்த்தனர், விதி மாறியது, 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாயிற்று.

விதி தானே கனியவில்லை. குரல் எழுந்ததால் வளைந்தது. சுவையும் அவ்வாறே. நுழைவுச்சீட்டு வாங்குவோர் எதைக் கேட்கிறார்களோ, நாளைய படம் அதுவே. கேளாதார்க்குப் பிறர் எழுதிய முடிவே கிட்டும்.