ஊசி மீது பயம், ஆஸ்பத்திரிக்குத் தாமதம்

ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் சாவு வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழுகிறது. இறந்தவருக்குப் புற்றுநோய் என்றால், "கொரோனா ஊசி போட்டாங்களே, அதுலதான் வந்துச்சு" என்கிறார் யாராவது ஒருவர். மறுத்துப் பேச ஆளில்லை. நம் காலனிகளில் (இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார், நம் வாயிலிருந்து இன்னும் போகவில்லை) இது முடிந்த முடிவாகவே ஆகிவிட்டது.

இதைப் படிக்காதவர்களின் பயம் என்று ஒதுக்க நாம் தயாரில்லை. 2021 ஜனவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி ஒரு தூய்மைப் பணியாளருக்குப் போடப்பட்டது. அங்கே போட்டது கோவாக்சின். அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு அப்போது வரவில்லை. வேறு எந்த வரிசையிலும் நம்மை முன்னால் விடாதவர்கள் இதில் மட்டும் முதலிடம் கொடுத்தால் சந்தேகம் வராதா? அந்த ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாளே மாரடைப்பில் விழுந்து, அதற்கடுத்த நாள் இறந்தார். ஊசி காரணமில்லை என்று மத்திய நிபுணர் குழு சொல்வதற்குள் அக்டோபர் ஆகிவிட்டது.

இருந்தாலும் புற்றுநோய் விஷயத்தில் உண்மையை உடைத்துச் சொல்லியாக வேண்டும். செல்போனில் சுற்றும் கதை, ஊசியில் புற்றுநோய் உண்டாக்கும் குரங்கு வைரஸின் துண்டு இருக்கிறது என்பது. அது ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளைப் பற்றி வெளிநாட்டில் கிளம்பிய கதை. அவற்றிலும் இருந்ததாகச் சொல்லப்படும் துண்டு அந்த வைரஸின் கட்டியை உண்டாக்கும் மரபணு அல்ல. நம் ஊரில் போட்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும். இரண்டும் எம்ஆர்என்ஏ ஊசிகளே அல்ல. கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறையும் பாதிப்பு வரலாம் என்பது மெய். ஆஸ்ட்ராஜெனகா நிறுவனமே லண்டன் நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டது 2024-ல் வெளியே வந்தது. மறைத்தவர்களைக் கேள்வி கேட்போம். ஆனால் கொரோனா ஊசியால் புற்றுநோய் வந்தது என்பது எங்கும் நிறுவப்படவில்லை.

பிறகு ஏன் அந்த இரண்டு மூன்று வருடங்களில் இத்தனை பேர் முற்றிய நோயோடு படுத்தார்கள்? 2020 மார்ச் முதல் மே வரை பஸ் ஓடவில்லை. நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. முந்தைய வருடம் அதே மூன்று மாதத்தில் 1,12,270 புது நோயாளிகள் வந்திருந்தார்கள். 2020-ல் வந்தவர்கள் 51,760 பேர். வராத அறுபதாயிரம் பேருக்கு நோய் இல்லாமல் போய்விடவில்லை. கட்டியோடு வீட்டில் இருந்தார்கள். கூலி போய், கையில் காசில்லாமல் இருந்த குடும்பத்தில் வலியைச் சொல்லாமல் மறைத்த பெண்கள் எத்தனை பேர் என்று நம் தெருவிலேயே விசாரித்தால் தெரியும். அடுத்த வருடம் எல்லோரும் ஊசி போட்டார்கள். நோயும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. பழி ஊசி மேல் விழுந்தது.

பழி அங்கே விழுவதில் சிலருக்கு வசதியும் இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக்கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். அதில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்தது. குறிப்பாக, அதன் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நுரையீரல் புற்றுநோய். அந்த மேட்டைச் சுற்றிக் கிணறும் நிலமும் யாருடையவை? சாவு வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நம்மைக் கவலைப்பட வைப்பது இன்னொரு ஊசி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட 2025 நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. இந்தியாவில் வருடத்துக்கு எழுபத்தைந்தாயிரம் பெண்களுக்கு மேல் இந்த நோயில் சாகிறார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்த நோய் வரவில்லை என்று 2024-ல் கணக்கு வந்தது. புற்றுநோயைத் தடுக்கும் ஊசியையே புற்றுநோய்க்குப் பயந்து நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவோமோ?

ஆனால் இதே ஊசிக்கு ஒரு பழைய கறை உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சுமார் 24,000 சிறுமிகளுக்கு ஆய்வு என்ற பெயரில் போட்டார்கள். கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணை. ஆனால் ஆந்திராவில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்றவர்களுக்குத் தெரியாது. நாடாளுமன்றக் குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அதனால் ஊசி வேண்டும் என்றும் சொல்கிறோம், கம்மம் வேண்டாம் என்றும் சொல்கிறோம். ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகளுக்கு வார்டன் கையெழுத்துச் செல்லாது. அம்மா அப்பாவை வரவழைத்துத் தமிழில் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2022 மே மாதம் சொல்லியிருக்கிறது. போட்ட பிறகு காய்ச்சலோ மயக்கமோ வந்தால் யாரிடம் போவது, எந்த எண்ணுக்குப் பேசுவது என்பதும் அந்தப் படிவத்தில் இருக்கட்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2023 நவம்பரில் அரசு நான்கு மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இருக்கின்றன. அடுத்த கிராம சபையில் எழுந்து, நம் தெருவில் எத்தனை பெண்களுக்குப் பரிசோதனை நடந்தது என்று கேளுங்கள். பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.