பந்து யாரிடம் போகிறது?

கரப்பந்தாட்டத்துக்கு அதிகம் தேவையில்லை. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, கொஞ்சம் மணல் போதும். வாழைச்சேனையிலிருந்து கல்குடா, பாசிக்குடா வரை மணலுக்குப் பஞ்சமுமில்லை. இலங்கையின் தேசிய விளையாட்டும் அதுதான். அறிவுசார் இயலாமையுள்ள இளைஞரையும் ஏனையோரையும் ஒரே அணியில் ஆடவைக்க விரும்பும் உடற்கல்வி ஆசிரியர்களும் விசேட கல்வி ஆசிரியர்களும் கரப்பந்திலிருந்தே தொடங்கலாம் என்பது இவ்விதழின் கருத்து.

யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968இல் சிக்காகோவில் முதலாவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டியை நடத்தியபோது, இயலாமையுள்ளோர் தமக்குள்ளேயே போட்டியிட்டனர். இரு சாராரும் சேர்ந்தாடும் ‘யுனிஃபைட்’ முறை 1980களில்தான் உருவானது. அதன் கரப்பந்து விதிப்படி களத்தில் நிற்கும் ஆறு பேரில் மூவர் இயலாமையுள்ள வீரர்கள், மூவர் துணை வீரர்கள். ஒருவர் விட்டு ஒருவராக நிற்பதால் சுழற்சியில் சேர்விஸ் எல்லோர் கைக்கும் வந்தே தீரும். ஓரத்தில் நின்று வெளியே போகும் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பதே வேலையாக இருந்த பிள்ளைக்கு இது பெரிய மாற்றம்.

ஆனாலும் தலைக்கணக்கு சரியென்பதால் ஆட்டம் சரியாகிவிடாது. துணை வீரர் மூவரும் கைதேர்ந்தவர்களானால் பந்தை எடுப்பதும் உயர்த்துவதும் அடிப்பதும் அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அணி வெல்லும், மற்ற மூவரும் சேர்விஸ் போட்டதைத் தவிர வேறெதுவும் செய்திருக்கமாட்டார்கள். ஆகவே வயதிலும் திறமையிலும் நெருங்கியவர்களையே துணை வீரராக எடுக்கவேண்டும். கழகத்தின் மிகச் சிறந்த அடிப்பாளரைக் கூட்டிவரும் ஆசையைப் பயிற்றுநர் அடக்கத்தான் வேண்டும்.

வெற்றி மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு சிட்னி பராலிம்பிக்கே சாட்சி. அறிவுசார் இயலாமையுள்ளோருக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு அந்த இயலாமையே இல்லை. பதக்கம் பறிக்கப்பட்டது. தண்டனை அவர்களோடு நிற்கவில்லை. இப்பிரிவினருக்கான பதக்கப் போட்டிகள் 2012 இலண்டன் போட்டிவரை திரும்பவில்லை. திரும்பியபோதும் மெய்வல்லுநர், நீச்சல், மேசைப்பந்து ஆகிய மூன்று மட்டுமே வந்தன. பராலிம்பிக்கில் இவர்களுக்கென ஒரு குழு விளையாட்டு 2024 பாரிஸிலும் இருக்கவில்லை. ஊர் மைதானங்களில் நடக்கும் கலப்பு ஆட்டத்துக்கு இதனால் இன்னும் பெறுமதி கூடுகிறது.

பயிற்சியில் ஒருவர் கோட்டுக்கு வெளியே கொப்பியோடு நின்று, யார் எத்தனை தடவை பந்தைத் தொட்டார் என்று குறிக்கட்டும். புள்ளிப் பலகை காட்டாததை அந்தக் கொப்பி காட்டும். தொடக்கத்தில் பாரம் குறைந்த பந்து போதும். சேர்விஸ் கோட்டையும் வலைக்குக் கிட்டக் கொண்டுவரலாம். ஒரு தடவையில் ஒரு கட்டளைதான். சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிற் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். கழுத்து வலி, நடையில் மாற்றம், கைகால் பலவீனம் தெரிந்தால் மருத்துவர் பார்க்கும்வரை களத்தில் இறக்கக்கூடாது. வலிப்பு மருந்து எடுப்பவர் யாரென்பதும் பயிற்றுநருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழ்க் குடும்பமானாலும் முஸ்லிம் குடும்பமானாலும் தாய் முதலில் கேட்பது, மகளோடு யார் நிற்பார்கள் என்பதைத்தான். பெண் பயிற்றுநர் ஒருவர் இல்லாமல் இந்த முயற்சியைத் தொடங்கினால் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. மற்றவர்களோடு சமமாக விளையாட்டில் பங்குகொள்ளும் உரிமையை அதன் 30ஆம் உறுப்புரை சொல்கிறது. பாடசாலையின் விசேட கல்வி அலகை விட்டு வெளியேறும் இளைஞருக்கு அந்த உரிமையைக் கொடுக்கக்கூடியவை ஊர் விளையாட்டுக் கழகங்களே. வலையும் மைதானமும் ஆட்களும் அவர்களிடமே உண்டு. வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கித் தரும்படி கழகச் செயலாளரிடம் போய்க் கேட்பதை உடற்கல்வி ஆசிரியர்கள் இந்தத் தவணையிலேயே செய்யலாம்.