சாயம் ஏறிய செல் உயிரோடு இருக்கிறதா?

காஞ்சிபுரம் என்றதும் எல்லோருக்கும் கோயிலும் பட்டும்தான் ஞாபகம் வரும். பட்டு என்றால் தறி. ஆனால் தறிக்கு நூல் போவதற்கு முன்பு சாயப்பட்டறையில் நடக்கும் வேலையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. தாவரவியல் படிக்கும் மாணவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. அவர்கள் லேபில் செய்வதும் சாயம் போடும் வேலைதானே!

பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையை எடுத்த பிறகுதான் சாயத் தொட்டிக்குள் விடுவார்கள். பட்டு ஒரு புரதம். அமிலச் சாயம் அதில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதே சாயத்தைப் பருத்தியில் போட்டால் ஒரு சலவையிலேயே போய்விடும், ஏனென்றால் பருத்தி வெறும் செல்லுலோஸ். எந்தச் சாயம் எதில் ஒட்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை.

செல்லுக்குள்ளும் இதே கதைதான், கொஞ்சம் தலைகீழாக. உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. ஒரு அமிலம். அதனால் காரச் சாயங்கள் அதைத் தேடிப் பிடிக்கும். 1856-ல் பெர்கின் முதல் அனிலின் சாயத்தைக் கண்டுபிடித்தபோது அது போய்ச் சேர்ந்த முதல் இடங்களில் ஒன்று பட்டுத் துணி. அடுத்த சில பத்தாண்டுகளில் ஃபிளெமிங் அதே வகைச் சாயங்களைக் கொண்டு செல் பிரிவதைப் பார்த்தார். 1888-ல் வைக்கப்பட்ட 'குரோமோசோம்' என்ற பெயருக்கே 'நிறமுள்ள உடல்' என்றுதான் பொருள். துணிக்கடைச் சாயம் இல்லையென்றால் இந்த அறிவியலே இல்லை.

சரி, விஷயத்துக்கு வரலாம். லேபில் வெங்காயத் தோலை உரித்து, அசிட்டோகார்மைன் விட்டு, கவர்ஸ்லிப் வைத்துப் பார்க்கிறார்கள். சிவப்பாக உட்கரு தெரிகிறது. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து 'உயிருள்ள தாவரச் செல்' என்று தலைப்பும் போடுகிறார்கள். அசிட்டோகார்மைனில் இருப்பது 45 சதவீத அசிட்டிக் அமிலம். அதில் விழுந்த செல் உயிரோடு இருக்குமா? படத்தில் இருப்பது செல்லின் பிணம். இதை யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை என்பதுதான் குறை.

உயிரோடு இருக்கும் செல்லின் உட்கருவுக்கே சாயம் ஏற்ற முடியாதா? முடியும். ஹோக்ஸ்ட் 33342 என்று ஒரு சாயம் இருக்கிறது. 1863-ல் அனிலின் சாயத் தொழிற்சாலையாகத் தொடங்கிய ஜெர்மன் நிறுவனத்தின் பெயரைத்தான் அது தாங்கியிருக்கிறது. இந்தச் சாயம் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போய் டி.என்.ஏ.வின் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். டி.என்.ஏ.வில் ஒட்டிய பிறகு ஒளி பல மடங்கு கூடுவதால் உட்கரு மட்டும் இருட்டில் அகல் விளக்கு ஏற்றினது போலத் தெரியும்.

ஆனால் இங்கேயும் ஏமாற வழி இருக்கிறது. ஹோக்ஸ்ட் உயிருள்ள செல்லிலும் ஏறும், செத்த செல்லிலும் ஏறும். நீலமாக ஒளிர்ந்தால் செல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமே இல்லை. போதாக்குறைக்கு, டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டிருக்கும் சாயமும் அதன்மேல் விழும் புற ஊதா ஒளியும் சேர்ந்து செல்லைக் கொல்லவும் செய்யும். பார்ப்பதற்காகப் போட்ட விளக்கே பார்க்கப்படுவதைக் கொன்றுவிடுகிறது. ஆராய்ச்சி செய்பவர்கள் புரொபிடியம் அயோடைடு என்ற இன்னொரு சாயத்தையும் சேர்ப்பது இதனால்தான். சவ்வு கெட்ட செல்லுக்குள் மட்டும் அது நுழைந்து உட்கருவைச் சிவப்பாக்கும். நீலம் என்றால் உட்கரு. சிவப்பும் சேர்ந்தால் செல் போய்விட்டது.

'எங்கள் கல்லூரியில் ஒளிர் நுண்ணோக்கி வாங்க லட்சக்கணக்கில் பணம் எங்கே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உயிர் இருக்கிறதா என்று பார்க்க உப்பே போதும். பிளஸ் ஒன்னில் ரியோ இலையை வைத்துச் செய்யும் பிளாஸ்மாசிதைவுச் சோதனைதான் அது. உயிருள்ள செல்லை உப்புத் தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கிச் சுவரை விட்டு விலகும். நல்ல தண்ணீரில் போட்டால் மறுபடி விரியும். செத்த செல் எதுவும் செய்யாது. வெங்காயத் தோலில் சாயமே இல்லாமல், நுண்ணோக்கியின் டயாஃப்ரத்தைக் கொஞ்சம் மூடி வெளிச்சத்தைக் குறைத்தாலே உட்கரு மங்கலாகத் தெரியும். 1831-ல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடியில் உட்கருவைப் பார்த்துப் பெயர் வைத்தபோது அனிலின் சாயமே பிறந்திருக்கவில்லை!

இதனால் செத்த செல்லைப் பார்ப்பது வீண் என்று ஆகிவிடாது. கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள் குரோமோசோம்களை எண்ணியது கொன்று நிலைநிறுத்திய செல்களில்தான். 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட குரோமோசோம் அட்லஸ் உலகப் புகழ் பெற்றது. எண்ணுவதற்குச் செத்த செல் போதும். செல் எப்படி வாழ்கிறது என்று பேசுவதற்கு அது போதாது. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்ப்பதுதான் முக்கியம்.

ஆகவே சாயம் போடுவதற்கு முன்பு ஒரு தோல் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதைப் பாடத்திலேயே சேர்க்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் படத்துக்குக் கீழே 'உயிருள்ளது' அல்லது 'கொல்லப்பட்டது' என்று ஒரு வரி கட்டாயம் எழுத வைக்க வேண்டும். ஒளிர் சாயம் வாங்கும் வசதி உள்ள கல்லூரிகள் கையுறையையும் சேர்த்து வாங்கட்டும். வெங்காயத்தின் டி.என்.ஏ.வில் ஒட்டுகிற சாயம் மனிதனின் டி.என்.ஏ.வை விட்டுவிடாது. மிச்சத்தை சிங்க்கில் ஊற்றுவதும் கூடாது.

பட்டுப் புடவை வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது 'சாயம் போகுமா?' என்றுதான். லேபில் நுண்ணோக்கி முன்னால் உட்காரும் மாணவர் கேட்க வேண்டியது 'உயிர் போய்விட்டதா?' என்று.